அறுநூற்றுப் பதினாலாம் நம்பர் டோக்கன்

ஓய்வு பெற்றவனைத் தேடி ஆபீசிலிருந்து யாராவது வந்தால் ஒன்று கல்யாணப் பத்திரிகையாக இருக்கும், இல்லை பழைய கோப்பு ஏதாவது காணாமல் போயிருக்கும். நஸ்ரின் கையில் பத்திரிகையும் இல்லை, கோப்பைப் பற்றிப் பேச்சும் இல்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்து, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

நஸ்ரின் பூந்தமல்லிக்காரர். அம்பத்தூரில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையில் இப்போது மனிதவளப் பிரிவு அதிகாரி, விளையாட்டு மன்றத்துக்கும் அவர்தான் செயலாளர்.

"மன்றத்துல ஒரு பெருமைச் சுவர் வைக்கிறோம் சார். நம்ம பிளேயர்ஸ்ல அஞ்சு பேரைத் தேர்ந்தெடுத்து போட்டோவும் பேரும் போடணும். யாரை எடுக்கணும், எந்த அளவுகோல்ல எடுக்கணும்னு முடிவு பண்ண ஒரு குழு. நீங்களும் அதுல இருக்கணும். அப்படியே மன்றத்தோட சிறப்பு மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரையும் எழுதிக் குடுத்துடுங்க."

"என்னை யார் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சார். பழைய ஸ்கோர் ஷீட் எல்லாத்துலயும் 'ஸ்கோரர் சம்பந்தம்'னு உங்க கையெழுத்துதான் இருக்கு."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அந்தக் கட்டுரைதான் இது. இதில் எத்தனை பத்தி அச்சில் தப்பிப் பிழைக்கும் என்பது எனக்குத் தெரியாது.

நான் சேர்ந்தது டைம் ஆபீசில் குமாஸ்தாவாக. யார் வந்தார், யார் வரவில்லை, யார் தாமதம் என்று மஸ்டர் ரோலில் எழுதுகிற வேலை. இரண்டாம் வருடம், கைப்பந்துக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்று என்னை ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். எங்கள் தொழிற்சாலை ஆண்டுதோறும் நடத்திய கோப்பைப் போட்டிக்கு அதன்பிறகு நான்தான் ஸ்கோரர்.

ஸ்கோரர் என்றால் எண்களை எழுதுகிறவன் என்று பலர் நினைக்கிறார்கள். எண் எழுதுவது கடைசி வேலை. ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் இரண்டு அணியின் அடையாள அட்டைகளையும் வாங்கி மேசைமேல் வரிசையாக வைப்பேன். நிரந்தரத் தொழிலாளிதான் ஆடலாம் என்பது விதி. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அட்டையைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன், மறுபடி அட்டையைப் பார்ப்பேன். சர்வீஸ் வரிசைச் சீட்டை வாங்கிய பிறகுதான் பேனாவைத் திறப்பேன். பெயரோடு அட்டையில் இருக்கும் டோக்கன் நம்பரையும், அதாவது ஊழியர் எண்ணையும், தாளில் எழுதுவேன். அந்தக் காலத்தில் பதினைந்து புள்ளி ஆட்டம். சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் அணிக்குத்தான் புள்ளி. அதனால் யார் சர்வீஸ் போடும்போது எத்தனை புள்ளி வந்தது என்பது தாளில் ஆள்வாரியாக நின்றுவிடும். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.

என்னை ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. ஒரு முறை வேறொரு கம்பெனி அணி, ஃபிட்டர் ஒருவர் பெயரில் கல்லூரிப் பையன் ஒருவனை இறக்கியது. அட்டை சரியாக இருந்தது, உயரம் மட்டும் உறுத்தியது. "தம்பி, உன் டோக்கன் நம்பர் என்ன?" என்றேன். முழித்தான். "சரி, உங்க கேன்டீன்ல புதன்கிழமை என்ன போடுவாங்க?" என்றேன். அவன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி பிறந்த நாளை மறந்தாலும் டோக்கன் நம்பரை மறக்க மாட்டான், புதன்கிழமைச் சாப்பாட்டையும் மறக்க மாட்டான். அந்த அணியை அன்றே திருப்பி அனுப்பினோம். அதன்பிறகு எனக்கு சிஐடி என்று பெயர் வைத்தார்கள். அது எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

பத்மநாபன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பர்சனல் ஆபீசர், மன்றத்தின் தலைவர். அவர் யாருக்கும் உத்தரவு போட்டு நான் பார்த்ததில்லை. கூப்பிடுவார், உட்காரச் சொல்வார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் துணியில் தைத்த ஒரு சின்னக் கைக்குட்டையால் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் என்ன செய்ய வேண்டும் என்பது நமக்குப் புரிந்துவிட வேண்டும். புரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து துடைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டார். மறுநாள் இறுதி ஆட்டம். எங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரர் சுந்தரமூர்த்திக்குத் தோள்பட்டை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அவருடைய மருத்துவச் சான்று காலையில் என் மேசைக்கு வந்திருந்தது.

"லோடிங்ல ஒரு கான்ட்ராக்ட் பையன் இருக்கானாமே சம்பந்தம். ஆரோக்கியதாஸ்னு. சர்வீஸ் நல்லா போடறான்னு சொல்றாங்க."

"கான்ட்ராக்ட் ஆள் ஆடக் கூடாதே சார்."

கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்கு நீங்க கார்டு சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. கார்டு சரியா இருக்கும்."

மறுநாள் மேசையில் சுந்தரமூர்த்தியின் அட்டை இருந்தது. பழைய புகைப்படம், லேமினேஷனுக்குள் மஞ்சளடித்து, மீசை எது நிழல் எது என்று தெரியவில்லை. "சுந்தரமூர்த்தி" என்று கூப்பிட்டேன். ஒல்லியாக, கறுப்பாக, காலில் கடன் வாங்கின ஷூவோடு தாஸ் வந்து நின்றான். பழக்கதோஷத்தில் நான் நிமிர்ந்து வாயைத் திறந்தேன். நான் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொன்னான்.

"அறுநூத்திப் பதினாலு சார்."

மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். புதன்கிழமைச் சாப்பாட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கேன்டீன் கிடையாது என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொண்டேன்.

அவன் சர்வீஸை இன்று நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. பந்து நேராகத்தான் வரும். எதிர் அணிக்காரன் கையை நீட்டும் நேரத்தில் நின்று யோசித்துவிட்டுக் கீழே விழும். அன்று ஒரே சர்வீஸ் வரிசையில் ஒன்பது புள்ளி. கோப்பை எங்களுக்கு. அதன்பிறகு சுந்தரமூர்த்தியின் தோள் தேறவே இல்லை. மூன்று வருடம் அந்த அட்டையில் தாஸ் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் திரும்பிப் போய் லாரியில் மூட்டை ஏற்றினான். நிரந்தரம் ஆக்கிவிடுவோம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னார் என்று கேட்டால் பதில் இருக்காது, ஏனென்றால் பத்மநாபன் சார் எதையும் வாயால் சொல்கிறவர் இல்லை.

மூன்றாம் வருடக் கடைசியில் விளையாட்டுப் பிரிவில் சிலரை நிரந்தரமாக எடுப்பதாக அறிவிப்பு வந்தது. நான் அப்போது பர்சனல் பிரிவுக்கு மாறியிருந்தேன். விண்ணப்பங்களைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கிற வேலை எனக்கு. தாஸின் விண்ணப்பமும் வந்தது. 'இந்தத் தொழிற்சாலை அணிக்காக மூன்று வருடம் கைப்பந்து ஆடியிருக்கிறேன்' என்று யாரையோ விட்டு நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தான். அதன் கீழே நான் ஒரு வரி எழுதினேன்: 'பதிவேடுகளில் இவர் பெயர் இல்லை.' சுருக்கொப்பம் வைத்தேன். பத்மநாபன் சார் அதைப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். விண்ணப்பம் அவனுக்கே திரும்பிப் போனது. அடுத்த மாதம் அவன் லோடிங்கில் இல்லை. சுந்தரமூர்த்தி விளையாட்டு முன்னுரிமையில் சூப்பர்வைசர் ஆனார்.

அந்த வரி பொய் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி பெருமைச் சுவர். குழுவில் ஐந்து பேர். தலைவர் துரைசாமி, பழைய ஃபோர்மன். முதல் கூட்டத்திலேயே, மாநில அணியில் ஆடியவர்களை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றார். உடனே தொழிற்சங்கத்துக்காரர், "அப்படின்னா ரெண்டே பேர்தான் தேறுவாங்க, ரெண்டு பேரும் ஆபீசருங்க. அதுக்குத்தான் இந்த ரூலா?" என்று எகிறினார். பத்து வருடம் சுமாராக ஆடியவரா, நான்கு வருடம் பிரமாதமாக ஆடியவரா என்று அரை மணி நேரம் போனது. நடுவரைக் கைநீட்டி அடித்த ஒருவரை எடுக்கலாமா என்ற கேள்வி வந்தபோது, அவர் துரைசாமியின் மச்சான் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. தொழிற்சங்கத்துக்காரர் சொன்ன மூன்று பெயரும் ஒரே சங்கம். அளவுகோல் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்தது எல்லாம், அவரவர் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "மைதானத்துல பார்த்தேன், காதால கேட்டேன்ங்கிற கதையெல்லாம் வேண்டாம். ஸ்கோரர் கையெழுத்துப் போட்ட தாள்ல இருந்தா எடுத்துக்கலாம். இல்லாட்டி இல்ல." எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் விதியாக அதையே எழுதினார்கள்.

மனதில் தாஸை வைத்துக்கொண்டு எப்படி இதைச் சொன்னாய் என்று கேட்பீர்கள். தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வாழ்ந்தவனுக்கு வேறு இடம் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து நஸ்ரின் மறுபடி வந்தார். இந்தத் தடவை தண்ணீர் கேட்கவில்லை. பழைய தாள்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கூட்டியிருக்கிறார். சர்வீஸ் புள்ளியில் டோக்கன் 614 எல்லாரையும்விட வெகுதூரம் முன்னால். பெரிய எண்ணாக இருக்கிறதே என்று அவருக்கும் சந்தேகம். அந்த இறுதி ஆட்டத்து நாளின் மஸ்டர் ரோலை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

இரண்டு நகல்களையும் டீப்பாய்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்கோர் தாளில் 614, ஒன்பது புள்ளி. மஸ்டரில் 614, அதே நாள், 'மருத்துவ விடுப்பு.' ஆட வந்திருந்தால் ஆன் டியூட்டி என்று இருக்க வேண்டும். இரண்டும் என் கையெழுத்து. ஆறுக்கு நான் போடுகிற நீண்ட வால்கூட ஒன்றேபோல் இருந்தது.

ஊரை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த நான், என்னுடைய இரண்டு தாளை ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. டைம் ஆபீசில் மருத்துவச் சான்றைப் பார்த்து எழுதினேன். மைதானத்தில் அட்டையைப் பார்த்து எழுதினேன். இரண்டு இடத்திலும் தாளைத்தான் நம்பினேன், நடுவில் நின்ற ஆளை விட்டுவிட்டேன்.

"இதுக்காகத்தான் என்னைக் குழுவுல போட்டீங்களா?" என்றேன்.

"இல்ல சார். கணக்கு ஒத்து வரல, கேக்கறேன்." இரண்டு நகல்களையும் என் பக்கம் தள்ளி, "அன்னிக்கு ஆடினது யாரு சார்?" என்றார்.

சொன்னேன். முப்பது வருடத்தில் அந்தப் பெயரை நான் உரக்கச் சொன்னது அப்போதுதான்.

அடுத்த கூட்டத்திலும் சொன்னேன். துரைசாமி சிரித்தார். "கையெழுத்துப் போட்ட தாள்தான் முடிவுன்னு சொன்னது யாரு சம்பந்தம்? நீதான்யா. இப்ப அதுவே தப்புன்னா நாங்க எதை நம்பறது? ஜெயிச்ச கப்பையெல்லாம் திருப்பிக் குடுக்கவா?" விஷயம் பரிசீலனையில் வைக்கப்பட்டது. பரிசீலனை என்றால் என்ன அர்த்தம் என்று பர்சனல் பிரிவில் இருந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே ஆவடியிலிருந்து சுந்தரமூர்த்தி போன் பண்ணினார். யார் சொன்னார்களோ. "வயசான காலத்துல இது உனக்குத் தேவையா? அதுக்கு முன்னாடி நாலு வருஷம் நான் ஆடலையா? தோள் போனது எனக்குத்தானே?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வைக்கும்போது மட்டும், "நான் எதையும் எழுதல சம்பந்தம். எழுதினதெல்லாம் நீ" என்றார். யோசித்துப் பார்த்தேன். பத்மநாபன் சார் இப்போது உயிரோடு இல்லை. அவர் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. என் கையெழுத்து எல்லாத் தாளிலும் இருக்கிறது.

தாஸ் கள்ளிக்குப்பத்தில் வாட்டர் கேன் கடை வைத்திருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஸ்கோர் தாள்களின் நகல்களை ஒரு கவரில் போட்டுக்கொண்டு காலையில் போனேன். கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது, வலது கை மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்தான்.

"இன்னா சார், யாருனா பூட்டாங்களா?"

"இல்லப்பா. உன்னைத்தான் பாக்க வந்தேன்."

"என்னியா? இன்னாத்துக்கு? கையெய்த்து கியெய்த்துலாம் போட மாட்டேன், இப்பவே சொல்லிடறேன்."

சுவரைப் பற்றிச் சொன்னேன். குழுவில் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன். அவன் முகம் இளகவில்லை.

"இத்தினி வருசம் கய்ச்சி எதுக்கு இப்ப? உனுக்கு இன்னா சார் ஆதாயம் இதுல?"

அவன் கேட்டது எனக்குப் புதிதாக இல்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். "ஆதாயம் ஒண்ணுமில்லப்பா. மாட்டிக்கிட்டேன்" என்றேன்.

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது போல. ஒரு கேனைக் கவிழ்த்து உட்காரச் சொன்னான். உள்ளே போனான். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழியப் போகிற ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தான். அவனுடைய விண்ணப்பம். கீழே என் வரி.

"அந்த கப்பு, பேரு, ஒண்ணியும் நான் கேக்கல. சீட்டு திரும்பி வந்தப்ப எங்கப்பா அத படிக்கத் தெரிஞ்ச ஒர்த்தன்கிட்ட காட்டிக்கினு வந்தாரு. 'உன் புள்ள பொய் சொல்லிகீறான், அவன் ஆடவே இல்லியாம்'னு அவன் சொல்லிட்டான். மூணு வருசம் பந்தாடப் போறேன்னு சொல்லிட்டு எங்க சுத்தினேன்னு எங்கப்பா கேட்டாரு சார். சாகற வரிக்கும் நம்பல." தாளை விரலால் தட்டினான். "எனுக்கு சொவுரு வோணாம். நீ எய்தினியே, இத அடிச்சிட்டு வேற எய்திக் குடு."

தாளை மடியிலேயே வைத்து நீவிவிட்டேன். பிறகு பேனாவை எடுத்தேன். 'பதிவேடுகளில் இவர் பெயர் இல்லை' என்பதன் குறுக்கே, படிக்கும்படியாக, ஒரே ஒரு கோடு போட்டேன். மேலே எழுதினேன்: 'ஆரோக்கியதாஸ் இந்தத் தொழிற்சாலை அணிக்காக ஆடினார். வேறொருவர் பெயரில் ஆடவைக்கப்பட்டார். ஸ்கோரராக நான் நேரில் பார்த்த ஆட்டங்கள் பதினொன்று.'

தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தவன், "பன்னெண்டு" என்றான்.

கவரிலிருந்து நகல்களை எடுத்து எண்ணிக் காட்டினேன். பதினொன்று.

"ரெண்டாவது வருசம், செமி பைனல்ல மய வந்து நின்னு போச்சே. ரெண்டு செட்டு ஆடினோம். மறுநாளு மொதல்லேர்ந்து ஆட வெச்சாங்க. அந்த மயயில நீ பேப்பர சட்டைக்குள்ற வெச்சிகினு ஓடின. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. நனைந்த தாளை அன்று நானேதான் கிழித்துப் போட்டேன். முடியாத ஆட்டத்துக்குத் தாள் கிடையாது. தாள் இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன், போன மாதம் ஐந்து பேர் குழுவில் விதியாகவே எழுத வைத்திருக்கிறேன்.

பதினொன்றின் மேல் ஒரு கோடு போட்டேன். பன்னிரண்டு என்று எழுதினேன். இரண்டு திருத்தத்துக்கும் பக்கத்தில் தனித்தனியாகச் சுருக்கொப்பம் வைத்து, தேதி போட்டுக் கொடுத்தேன்.

தாஸ் அதை வாங்கி விரல் வைத்து இரண்டு தடவை படித்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என் புதுச் சுருக்கொப்பத்தைப் பார்த்தான், பழைய சுருக்கொப்பத்தையும் பார்த்தான், மறுபடி என் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டான்.

"தெருமுனையில ஜெராக்ஸ் கட கீது. ரெண்டு காப்பி எடுத்துகினு வந்துடறேன். அது வரிக்கும் நீ எங்கியும் பூடாத சார். இங்கியே குந்திகினு இரு."

சரி என்றேன். அவன் தெருமுனை போய்ச் சேரும்வரை மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். மூன்று தடவையும் நான் அந்தக் கேன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.